மத்ராவில் வாங்கிய மருதாணி

மஸ்கட்டில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு இடத்தில் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி முடியில் வந்து நிற்கும். பள்ளிக்கூட ஃபீஸ், ஊருக்கு டிக்கெட் விலை, அதற்கு அடுத்தது முடிதான். "இங்க வந்ததுல இருந்து கொட்டுது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "தண்ணி அப்படி" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். எங்கள் குழாய்களில் வருவது உப்பு நீக்கிய கடல் தண்ணீர். குப்ரா கடற்கரையில் 1976-லேயே அதற்கு ஆலை வந்துவிட்டது. அதனால் இந்த ஊரில் யார் தலையில் முடி குறைந்தாலும் பழி கடல் மேல்தான்.

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் எங்களுக்கு இரண்டாவதாகப் பையன் பிறந்தான். செப்டம்பர் பாதியில் தலை வார உட்கார்ந்தால் சீப்பு நிறைய முடி. தலையணையில், துணியில், குழந்தையின் விரலிடுக்கில் கூட முடி. பாத்ரூம் ஜல்லடையில் அடைத்து நிற்கும் சுருளை எடுக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். முதல் பிரசவத்துக்குப் பிறகும் கொட்டியதுதான், ஆனால் இந்த அளவு இல்லை.

டாக்டரிடம் போனேன். தைராய்டு சரியாக இருந்தது. இரும்புச்சத்து குறைவு. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இது: சாதாரணமாகவே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் அந்த முடிகளை விழவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மாசமாக இருக்கும்போது முடி அடர்த்தியாகத் தெரிகிறது. பிள்ளை பிறந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து, பிடித்து வைத்தது எல்லாம் மொத்தமாக விழும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் பழையபடி ஆகிவிடும். "தண்ணிதான் காரணமா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். "எனக்கும் அதே தண்ணிதான்" என்றார். அவருக்கு நல்ல அடர்த்தியான முடி.

அவர் இன்னொன்றும் காட்டிக் கொடுத்தார். விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் ஒடிந்தது. எனக்கு இரண்டும் இருந்தது. வேரோடு விழுவதற்கு மாத்திரையும் பொறுமையும். ஒடிவதற்கு?

அதற்கு வழி சொன்னவர் எங்கள் கீழ்வீட்டு காலா.

கீழ்வீடும் மேல்வீடும்

தார்சைத்தில் நாங்கள் இருப்பது ஒரு மாடி வீட்டின் மேல்தளம். கீழே பலூச்சி வம்சத்து ஓமானிக் குடும்பம். வீட்டின் பெரிய அம்மாவை எல்லோரும் 'காலா' என்கிறோம். சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. அவருக்கு இந்தி நன்றாக வரும். மஸ்கட்டின் பழைய குடும்பங்கள் பலவற்றில் இது சகஜம். நான் ஊரில் படிக்காத இந்தியை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை.

பிரசவத்துக்கு அம்மா மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தார். காலாவுக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் இருவரும் வாசல் படியில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்தபடி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். எப்படி என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் மாடிப்படியில் என் தலையைப் பார்த்த காலா, நுனியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். பட்டென்று ஒடிந்தது. "ஹின்னா லகாவ், பேட்டி" என்றார். மருதாணி போடு, மகளே. பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்ததும் கைக்கும் தலைக்கும் மருதாணி வைப்பது இங்கே பழைய வழக்கமாம். நான் அதைத் தவறவிட்டு மூன்று மாதமாகிறது என்பது அவர் கணக்கு.

கையில் மருதாணி வைத்திருக்கிறேன். ஆடி மாதம் வந்தால் அம்மா இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வைத்து அம்மியில் அரைத்து, விரலுக்குத் தொப்பி போட்டுவிடுவார். தலைக்கு ஒரு தடவை கூட வைத்ததில்லை. அம்மா உடனே தடை போட்டார்.

"பால் குடுக்கிற உடம்பு. மருதாணி குளிர்ச்சி. உனக்குச் சளி புடிச்சா புள்ளைக்கும் புடிக்கும்."

"இங்க குளிரே கிடையாதேம்மா."

"ஏசி இருக்குல்ல?"

கடைசியில், வெயில் நேரத்தில், ஏசி இல்லாமல், மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் ஆனது. காலாவுக்கு இந்தி மொழிபெயர்ப்பில் அது போய்ச் சேர்ந்ததும், "உன் அம்மா சொல்வது சரி" என்றார். பெரியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் நமக்கு வேலை இல்லை.

இருட்டுச் சந்தை

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மத்ராவுக்குப் போனோம். காலா, அம்மா, நான், என் ஆறு வயசுப் பெண். பையனுக்குப் பால் கொடுத்துவிட்டு அவன் அப்பாவிடம் விட்டு வந்ததால் எனக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு.

மஸ்கட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போகும் இடம் மத்ரா. கடலை ஒட்டி வளைந்து போகும் சாலை. ஒரு பக்கம் துறைமுகம், மரப் படகுகள், பெரிய கப்பல்கள். மறுபக்கம் மர வேலைப்பாடு செய்த மாடங்களோடு வெள்ளை வீடுகள். அதற்குப் பின்னால் புல் பூண்டு இல்லாத பழுப்பு மலை, உச்சியில் போர்த்துகீசியர் காலத்துக் கோட்டை. கொஞ்சம் தள்ளி ரியாம் பூங்காவின் மேல் பெரிய சாம்பிராணிச் சட்டி வடிவத்தில் ஒரு நினைவுச்சின்னம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஊரே சாம்பிராணி போடுது போல" என்றார்.

சந்தையின் நடுப்பகுதிக்கு 'சூக் அல் தலாம்' என்று பழைய பெயர். இருட்டுச் சந்தை. சந்துகள் அவ்வளவு குறுகல், மேலே கூரை, பகலிலும் வெயில் இறங்காது. இப்போது விளக்குகள் உண்டு, பெயர் மட்டும் மிச்சம். முகப்பில் சால்வை, வெள்ளிக் குறுவாள், ஓமானித் தொப்பி என்று சுற்றுலாக் கடைகள். அதைத் தாண்டி உள்ளே போனால்தான் ஊர்க்காரர்கள் வாங்கும் கடைகள். தோஃபார் பக்கத்துச் சாம்பிராணி, காய்ந்த ரோஜா மொட்டு, கிராம்பு, மஞ்சள், இலந்தை இலைப் பொடி எல்லாம் சாக்கு சாக்காக இருக்கும்.

இலந்தை இலைப் பொடியை இங்கே 'சித்ர்' என்கிறார்கள். நம் ஊர் இலந்தையின் உறவுக்கார மரம். தண்ணீரில் கரைத்தால் நுரை வரும், தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் எச்சில் தொட்டுக் குழைத்தார். "அட, நம்ம அரப்புடி இது" என்றார். அந்தக் கடையில் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

மருதாணிக் கடைக்காரர் மலப்புரத்துக்காரர். "மைலாஞ்சியோ சேச்சி? கைக்கோ, முடிக்கோ?" என்றார். மருதாணிக்குத்தான் எத்தனை பேர்! மலையாளத்தில் மைலாஞ்சி, யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு மருதோன்றி, தெலுங்கில் கோரிண்டாக்கு, அரபியில் ஹின்னா. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மருதாணி வழக்கங்களை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓமன் உட்பட 16 அரபு நாடுகள் சேர்ந்து கேட்டு வாங்கிய இடம் அது.

கடையில் இரண்டு சாக்கு. ஒன்று பாத்தினா கடற்கரைப் பக்கம் விளைந்தது என்றார். இன்னொன்று இந்தியச் சரக்கு, ராஜஸ்தானின் சோஜத்திலிருந்து வந்தது. பாலி மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நாட்டு இலையை அரபிக் கடல் தாண்டி வந்து வாங்குகிறோம் என்று நினைத்தால் வேடிக்கையாக இருந்தது.

காலா பொடி பார்த்த விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். முதலில் நிறம். நல்ல பொடி பச்சையாக, கொஞ்சம் காக்கி கலந்த மாதிரி இருக்கும். பழசானால் பழுப்பாகிவிடும். அடுத்து வாசனை. வைக்கோலும் தேயிலையும் கலந்த மாதிரி வரவேண்டும், செண்ட் வாசனை வரக்கூடாது. பிறகு ஒரு சிட்டிகையை ஈர விரலில் தேய்த்துப் பார்த்தார், மணல் நெருடுகிறதா என்று. கைக்கு என்றால் மைதா மாதிரி நைசாக இருக்க வேண்டும். தலைக்குக் கொஞ்சம் கொரகொரப்பு இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அலசும்போது கஷ்டப்படுவது நாம்தான்.

பக்கத்துத் தட்டில் 'கறுப்பு மருதாணி' என்று பளபளவென்று கூம்புகள். பத்து நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று எழுதியிருந்தது. என் பெண் ஆசையாகக் கை நீட்டினாள். காலா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "யே ஹின்னா நஹீ ஹை." இது மருதாணியே இல்லை. அவர் சொன்னது சரி. எந்த மருதாணியும் கறுப்பாகப் பிடிக்காது, பத்து நிமிஷத்திலும் பிடிக்காது. அப்படிப் பிடித்தால் பெரும்பாலும் அதில் இருப்பது பிபிடி என்கிற, தலைச்சாயத்தில் சேர்க்கும் ரசாயனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்தில் அதை 2 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது, தோலில் போடவே கூடாது. சிலருக்குத் தோல் கொப்பளித்துத் தழும்பாகிவிடும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமே ஆகாது போகலாம். ஊருக்குப் போகும்போது, கல்யாண வீட்டில், திருவிழாக் கடையில் பிள்ளைகள் கை நீட்டும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் நல்ல மருதாணிக் கூம்பு ஒன்றை எடுத்து, "அம்மைக்கு ஒரு பூ இட்டுத் தரட்டே?" என்று அம்மாவின் கையைப் பார்த்தார். அம்மா சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. அந்த வருஷ ஆடியிலிருந்து அம்மா கையில் மருதாணி வைக்கவில்லை. யாரும் வைக்காதே என்று சொல்லவில்லை. வை என்றும் யாரும் சொல்லவில்லை. கொல்லையில் மரம் அப்படியே இருக்கிறது, எதிர்வீட்டுப் பிள்ளைகள் பறித்துப் போவார்கள். அம்மா அரைத்துக் கொடுப்பார், குச்சியால் எடுத்து, கையில் படாமல்.

காலா பார்த்துவிட்டார். என்ன என்று என்னிடம் கேட்டார். சந்தின் நடுவில் நின்று, ஆட்கள் இடித்துக்கொண்டு போக, எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவரும் கணவரை இழந்தவர்தான். அவர்கள் வழக்கத்தில் கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் மனைவி துக்கம் காக்க வேண்டும். அந்த நாட்களில் மருதாணி, வாசனை, அலங்காரம் எதுவும் கிடையாது. அந்தக் கெடு முடிந்த மறுநாள் பேத்திகள் உட்கார வைத்து இரண்டு கையிலும் மருதாணி வைத்துவிட்டார்களாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி, அம்மாவிடம், இந்தியிலேயே சொன்னார். கடைசியில் இரு கையையும் திருப்பிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் செங்கல் நிறம்.

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். "புரியுது" என்றார் அம்மா. கொஞ்சம் நடந்தபின், "அவங்க ஊரு வழக்கம் அவங்களுக்கு" என்றார். அவ்வளவுதான். கால் கிலோ பொடியும், ஒரு பொட்டலம் காய்ந்த எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஒரு ரியாலும் கொஞ்சம் பைசாவும் ஆனது.

கரைத்ததும் சோதித்ததும்

காய்ந்த எலுமிச்சையை இங்கே 'லூமி' என்பார்கள். குழம்பில் போடுவார்கள், மருதாணிக்கும் அதுதான். நாலு லூமியை உடைத்து, தேயிலையோடு தண்ணீரில் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறவைத்து வடிகட்டினோம். 200 கிராம் பொடியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தயிர் பதத்துக்குக் கரைத்தார் காலா. எனக்கு முடி தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும். அதற்கு இது போதும்.

அம்மா இரும்புச் சட்டி கேட்டார். நம் ஊரில் நரைக்குப் போடுபவர்கள் இரும்புச் சட்டியில்தான் ஊறவைப்பார்கள், இரும்பு சேர்ந்தால் நிறம் கறுக்கும். எனக்கு நிறம் வேண்டாம், பலம்தான் வேண்டும் என்பதால் கண்ணாடிக் கிண்ணம் போதும் என்றார் காலா. மூடி, ஏசி இல்லாத சமையலறையில் வைத்தோம். இந்த ஊர்ச் சூட்டுக்கு நாலைந்து மணி நேரத்திலேயே மேலே பழுப்பு ஏறி, உள்ளே பச்சையாக இருந்தது. சாயம் இறங்கியதற்கு அதுதான் அடையாளம். லண்டன், டொராண்டோ மாதிரிக் குளிர் ஊர்களில் இருப்பவர்கள் ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும்.

ஆனால் அன்றைக்கே தலையில் வைக்கவில்லை. நான் சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்திருந்த உதிர்ந்த முடியைக் காலா கேட்டு வாங்கினார். அதில் ஒரு கொத்தை நூலால் கட்டி, மருதாணிக்குள் அமிழ்த்தி, மூன்று மணி நேரம் கழித்து அலசிப் பார்த்தோம். கறுப்பு முடி கறுப்பாகவே, வெயிலில் மட்டும் சிவப்பு ஓடியது. நடுவில் இருந்த இரண்டு நரைமுடி செம்புக் கம்பி மாதிரி. முடி கெட்டியாக, ஒடியாமல் இருந்தது. முழங்கை மடிப்பிலும் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்தோம், அரிப்பு இல்லை. மிச்சக் கலவை ஃப்ரீசரில் இருந்தது.

அடுத்து காலா கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லாதது. "சோட்டே கா கூன் டெஸ்ட் ஹுவா?" சின்னவனுக்கு ரத்தப் பரிசோதனை ஆயிற்றா?

ஜி6பிடி என்று ஒரு நொதி. சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். ஓமனில் இந்தக் குறை பரவலாக உண்டு, நம் ஊர்களிலும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குச் சில மாத்திரைகள், மொச்சையைப் போன்ற ஒரு வகைப் பெரிய அவரை, பாச்சா உருண்டை, இவற்றோடு மருதாணியும் ஆகாது. தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சிளம் பிள்ளைகளுக்கு மருதாணி வைத்து மஞ்சள் காமாலை கடுமையானதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலாவின் பேரன் ஒருவனுக்கு இந்தக் குறை இருக்கிறது. அவன் வரும்போது அந்த வீட்டில் மருதாணிக் கிண்ணம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

பையனின் ஆஸ்பத்திரி அட்டையைத் தேடி எடுத்தோம். சரியாக இருப்பதாகவே எழுதியிருந்தது. ஆனாலும் ஈர மருதாணித் தலையோடு அவனைத் தூக்கக் கூடாது என்பது காலாவின் கட்டளை. அம்மா என்னைப் பார்த்து, "சொன்னேன்ல?" என்றார். அவர் சொன்னது சளியைப் பற்றி. இருந்தாலும் நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை

பையன் பால் குடித்துத் தூங்கியதும், பத்து மணி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். முதல் நாளே தலை குளித்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வைத்திருந்தேன். நெற்றியோரத்திலும் காதிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன், தோலில் சாயம் பிடிக்காமல் இருக்க. கையுறை ஒரு ஜோடி பக்கத்தில் இருந்தது. காலாதான் பூசுவதாக ஏற்பாடு.

காலா வகிடு எடுத்துப் பின்னந்தலையில் ஆரம்பித்தார். இரண்டு கொத்து முடிந்திருக்கும். "அப்படி இல்ல, வேர்ல இருந்து இழுத்து விடணும்" என்றபடி அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"கையுறை போட்டுக்கம்மா."

"உறை போட்டா முடி எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாது."

நான் திரும்பவில்லை, திரும்பினால் வகிடு கலையும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்த காலா பேசாமல் காவா ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் விரல்கள் தலையில் ஓடின, வேரிலிருந்து நுனி வரை, சின்ன வயசில் எண்ணெய் தேய்த்துவிட்ட அதே அழுத்தத்தோடு. ஈர மண் வாசனை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் எல்லாவற்றையும் உச்சியில் சுருட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, பழைய துண்டால் கட்டிவிட்டார். சொன்னபடி மூன்று மணி நேரம். காலா பேரீச்சம்பழமும் காவாவும் கொடுத்தார். சளி பிடிக்கவில்லை.

அலசுவதுதான் பெரிய வேலை. வாளி வாளியாக ஊற்ற ஊற்றப் பச்சைத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கண்டிஷனர் போட்டு அலசியபின்தான் தூள் போனது. காய்ந்ததும் தொட்டுப் பார்த்தால் தேங்காய் நார் மாதிரி முரட்டுத்தனம்! முதல் தடவை அப்படித்தான் இருக்கும், ஷாம்பு போடாதே, நாளைக்கு எண்ணெய் வை என்றார் காலா. எண்ணெய் வைத்து மூன்றாம் நாள் குளித்தபின் நார் போய்விட்டது. முடி கனமாக, வழுவழுப்பாக இருந்தது. வெயிலில் நின்றால் மட்டும் செம்பு நிறம் தெரிந்தது.

என்ன செய்தது, என்ன செய்யவில்லை

மருதாணி இலையில் லாசோன் என்று ஒரு சாயப்பொருள் இருக்கிறது. காய்ந்த இலையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அது முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு மெல்லிய பூச்சு மாதிரி நிற்கிறது. அதனால் முடி தடித்துத் தெரிகிறது, சீப்பில் மாட்டி ஒடிவது குறைகிறது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. குமிழ் இல்லாத குட்டை முடிகள் சீப்பில் அரிதாகின.

ஆனால் வேரோடு விழும் முடி விழுந்துகொண்டுதான் இருந்தது. அது வேர் சம்பந்தப்பட்ட விஷயம், மருதாணி அங்கே போய் எதையும் செய்வதில்லை. ஜனவரி வாக்கில் குறைய ஆரம்பித்தது. மாத்திரையும் காலமும் செய்த வேலை அது. நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்து, வாரினாலும் படியாமல் நிற்கின்றன.

நீங்களும் முதல் தடவை வைக்க நினைத்தால் இன்னும் சில விஷயம். மருதாணி நிறம் அலசினால் போகாது, முடி வளர்ந்து வெட்டினால்தான் போகும். நரை இருந்தால் ஆரஞ்சாகப் பிடிக்கும். அது பிடிக்காதவர்கள் பிறகு அவுரிப் பொடி வைத்தால் பழுப்பிலிருந்து கறுப்பு வரை கொண்டுவரலாம். பாக்கெட்டில் மருதாணி இலையைத் தவிர வேறு எது எழுதியிருந்தாலும் யோசியுங்கள். உலோக உப்பு கலந்த பொடியை வைத்துவிட்டுப் பிறகு பார்லரில் பிளீச் செய்தால் முடி பொசுங்கிப் போகலாம். சுருட்டை முடிக்காரர்களுக்குச் சுருள் கொஞ்சம் தளரும். மாதம் ஒரு தடவைக்கு மேல் தேவையில்லை. வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவின் கை

அன்று சாயங்காலமே அம்மாவின் உள்ளங்கை இரண்டும் ஆரஞ்சு. மறுநாள் காலையில் செங்கல் சிவப்பு. தலையில் பூசிய மருதாணி பிடித்ததைவிடக் கையில்தான் நன்றாகப் பிடித்திருந்தது. உள்ளங்கைத் தோல் தடிப்பு, அங்கேதான் நிறம் ஆழமாக ஏறும்.

முதல் நாள் சோப்புப் போட்டுத் தேய்த்தார். புளி வைத்துத் தேய்த்தார். இரண்டாம் நாள் விட்டுவிட்டார். அந்த வாரம் அம்மா ஊருக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காபி டம்ளரை நீட்டும்போது ஒரு தோழி, "ஆன்ட்டி, எவ்வளவு நல்லா பிடிச்சிருக்கு!" என்றாள். "இவ தலைக்குப் போட்டது" என்றார் அம்மா. அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொன்னார். மூன்றாவது வீட்டார் வந்தபோது யாரும் கேட்கவில்லை. அம்மாவே கையைப் பார்த்தபடி சொன்னார்.

கிளம்பும் அன்று காலா அரைக் கிலோ மருதாணிப் பொடியைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தார். பெட்டியில் எடை இடமில்லை. நான் பேரீச்சம்பழத்தில் ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு அதை வைத்தேன். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். நாலு கையும் ஒரே நிறம்.

ஊரில் அத்தை இருக்கிறார், அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் எதற்கும் அவர் என்ன சொல்வார் என்பதுதான் முதல் கேள்வி. அம்மா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் போனில் கேட்டேன்.

"அத்தை கையைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"என்னடி இதுன்னாங்க. பொண்ணுக்குத் தலைக்குப் போட்டு விட்டேன் அக்கான்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அவங்களுக்கும் முடி கொட்டுதாம். பொடி மிச்சம் இருக்கான்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

"கையுறை இருக்காம்மா?"

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் அம்மா.